உடலுக்கு வெளியே ஓர் உறுப்பு



உயிரியல் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. அதற்கு முந்திய பாடம்வரை ஆசிரியர் வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகை நிறையப் படம் வரைவார். இதயத்துக்கு நான்கு அறைகள் என்பார்; சிறுநீரகத்துக்கு அவரை விதையை உவமை சொல்வார். அந்தப் பாடம் வந்ததும் அவருடைய குரல் தாழும். "இதை வீட்டில் நீங்களே படித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்குப் படம் மட்டும் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். கடைசி வரிசையில் ஒரு சிரிப்பொலி எழும். நானும் அந்த வரிசையிலிருந்து சிரித்தவன்தான். அறுவை மருத்துவனாகப் பணி தொடங்கிய பிறகே, தாண்டிச் சென்ற அந்தப் பாடத்துக்கு எத்தனை இளைஞர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆகவே, ஆணின் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைப் பற்றி இன்று குரலைத் தாழ்த்தாமல் பேச எண்ணுகிறேன்.

மாணவியர் இதைக் கேட்க வேண்டியதில்லை என்று யாரும் வானொலிப் பெட்டியை மூடிவிட வேண்டாம். பிள்ளை இல்லை என்றாலும் பெண்ணைப் பழிப்பது, பெண் பிள்ளையாகப் பிறந்தது என்றாலும் பெண்ணையே பழிப்பது என்னும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறைந்தபாடில்லை. அவ்விரு பழிகளுக்கும் உரிய விடை இந்த உறுப்புகளில்தான் இருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். பாடநூல் இதை விந்தகம் என்கிறது. பேச்சு வழக்கில் விதை என்கிறோம். 'விரை' என்னும் பழைய சொல்லும் உண்டு. அதற்கும் விதை என்பதே பொருள். மூன்றும் நல்ல சொற்கள். இவற்றுள் எதைச் சொன்னாலும் மருத்துவர் புரிந்துகொள்வார். புரிந்துகொள்ள முடியாதபடி நாம் வழங்குவது 'அந்த இடம்' என்னும் சொல் ஒன்றைத்தான்.

உடலின் இன்றியமையாத உறுப்புகளை இயற்கை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூளைக்கு மண்டையோடு, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் விலா எலும்புக் கூடு, பெண்ணின் சூலகங்களுக்கு இடுப்பெலும்புக் கிண்ணம். ஆணின் விந்தகங்கள் மட்டும் ஒரு தோல் பைக்குள், எலும்பின் காவல் ஏதுமின்றி, உடலுக்கு வெளியே தொங்குகின்றன. இது ஏன்? கிரிக்கெட் ஆடுகிறவன் கால்களுக்குக் காப்பு அணிவதோடு நிற்காமல் இதற்கென்றும் தனிக் காப்பு அணிய வேண்டியிருக்கிறதே, இயற்கைக்கு இந்த முன்யோசனை இல்லாமற் போனதா?

விந்தகங்கள் தொடக்கத்திலேயே அங்கே தோன்றுவதில்லை. தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது அவை முதுகுப்புறத்தில், சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகின்றன. பிறகு சிறிது சிறிதாகக் கீழிறங்கி, ஏறத்தாழ ஏழாம் மாதத்தில் தொடையிடுக்கில் உள்ள ஒரு சிறு கால்வாயைக் கடந்து, பிறப்பதற்குள் விதைப்பையை அடைகின்றன. இப்பயணத்துக்கு வழிகாட்டியாக இருக்கும் தசைநாரை ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் 1762இல் விவரித்தார். படகைத் திருப்பும் சுக்கானின் பெயரையே இலத்தீன் மொழியில் அதற்கு இட்டார்.

பிறந்த ஊரை விட்டு வந்தவன் சொந்தபந்தங்களை விடாமல் இருப்பதுபோல, விந்தகமும் தன் பழைய உறவுகளை விடவில்லை. அதற்குக் குருதி கொண்டுவரும் தமனி அருகிலுள்ள தொடைத் தமனியிலிருந்து கிளைப்பதில்லை. வயிற்றின் மேற்பகுதியில், சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே, பெருந்தமனியிலிருந்தே புறப்பட்டு நெடுந்தூரம் இறங்கி வருகிறது. நரம்புகளும் அங்கிருந்தே வருகின்றன. பந்து பட்டுவிட்டால் அடிபட்ட இடத்தோடு வயிறும் சேர்ந்து கலங்கிக் குமட்டல் எடுக்கிறதே, அதன் காரணம் இதுதான். அடி விழுந்தது கீழே. செய்தி போவது விந்தகம் பிறந்த மேல்வயிற்றின் வழியாக. இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முடிவில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இப்பயணம் எல்லாக் குழந்தைகளுக்கும் தடையின்றி முடிவதில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு ஒரு விந்தகமோ இரண்டுமோ வழியிலேயே தங்கிவிடுகின்றன. குறைமாதக் குழந்தைகளிடம் இது இன்னும் மிகுதி. பலருக்கு முதற்சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் இறங்காவிட்டால், ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து கீழே இறக்கி வைக்க வேண்டும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டிமார் சொல்வது வேறு பல குறைகளுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. உள்ளேயே தங்கிய விந்தகம் உயிரணுக்களை ஆக்கும் திறனை இழந்துவிடக்கூடும். பிற்காலத்தில் அதில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது.

உள்ளே இருந்தால் ஏன் கெடுகிறது? உடலின் உள் வெப்பம் 37 பாகை செல்சியஸ். விந்தணு செவ்வையாக உருவாவதற்கு அதைவிட 2 முதல் 4 பாகை குறைந்த வெப்பம் வேண்டும். விதைப்பையின் தோல் மெல்லியது. அதனடியில் கொழுப்புப் படலம் இல்லை. வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு. குளிர்ந்தால் பை சுருங்கி, ஒரு தசை விந்தகத்தை உடலோடு ஒட்ட இழுத்துக்கொள்கிறது. வெப்பம் மிகுந்தால் தளர்ந்து தொங்கவிடுகிறது. இதைவிட வியப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. கீழிறங்கும் தமனியைச் சுற்றி, மேலேறும் சிரைகள் கொடிப்பந்தல்போலப் பின்னிக்கொண்டிருக்கின்றன. குளிர்ந்து திரும்பும் சிரைக் குருதி, சூடாக வரும் தமனிக் குருதியின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொண்டு விடுகிறது. ஆலைகளில் பொறியாளர்கள் அமைக்கும் வெப்பமாற்றிக் கருவியின் தத்துவமும் இதுவே.

ஆயின், விடை முழுதும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். முதுமலை முகாமில் நிற்கும் ஆண் யானையைப் பின்புறமிருந்து பாருங்கள், விதைப்பையே தென்படாது. யானையின் விந்தகங்கள் பிறந்த இடத்திலேயே, வயிற்றுக்குள் சிறுநீரகங்களுக்கு அருகில் தங்கிவிடுகின்றன. யானைக்கு அதனால் குறையொன்றும் இல்லை. சேவலின் உடல் வெப்பம் நம்முடையதைவிட அதிகம். அதன் விந்தகங்களும் உள்ளேதான் இருக்கின்றன. அப்படியானால், குளிர்ச்சி தேவைப்பட்டதால் விந்தகம் வெளியே வந்ததா, அல்லது வேறு காரணத்தால் வெளியே வந்து குளிர்ச்சிக்குப் பழகிவிட்டதா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களுள் ஒருவர் இவ்வழக்கை முடித்துவைத்தால் மகிழ்வேன்.

இனி உறுப்பின் உள்ளே செல்வோம். வளர்ந்த ஆணின் விந்தகம் ஏறத்தாழ 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள முட்டை வடிவினது. பெரும்பாலோருக்கு இடப்பக்கத்து விந்தகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். இதைக் குறையென்று அஞ்சி என்னிடம் வந்த மாணவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு வகுப்பறையை நிரப்பலாம். அது குறையன்று, இயல்பு.

விந்தகம் திரண்ட சதைக்கட்டி என்றே மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அது குழல்களின் சுருணை என்று தெளிவாகக் காட்டியவர் ஹாலந்து நாட்டின் ரெக்னியர் டி கிராஃப். 1668இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு சிறு கொறி விலங்கின் விந்தகத்தைப் பிரித்து, அது முழுதும் நுண்குழல்களால் ஆனது என்று காட்டியது. மனித விந்தகத்தில் இருநூற்றைம்பது சிற்றறைகள்வரை உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு வரை மயிரிழை போன்ற குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. ஒரு விந்தகத்தின் குழல்களையெல்லாம் பிரித்து ஒட்டி நீட்டினால் இருநூறு மீட்டருக்கு மேல் வரும். உங்கள் பள்ளி மைதானத்தை நினைத்துப் பார்த்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.

அக்குழல்களின் சுவரில்தான் விந்தணுக்கள் பிறக்கின்றன. சுவரில் நிற்கும் மூல உயிரணு பிரிந்து பிரிந்து, தன் நிறப்புரிகளை 46இலிருந்து 23 ஆகப் பாதியாக்கிக்கொண்டு, வாலொன்றை வளர்த்துக்கொண்டு விந்தணுவாக ஏறத்தாழ 64 நாட்கள் ஆகின்றன. அதற்குப் பிறகும் முதிர்ச்சிபெறச் சில நாட்கள் வேண்டும். கடுங்காய்ச்சல் கண்டவனுக்கு அதன் விளைவு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து விந்துச் சோதனையில் தெரிவது இதனால்தான். உருவாக்கம் மெதுவானதே, எண்ணிக்கையோ மிகப் பெரிது. நலமுள்ள இளைஞனின் விந்தகங்கள் நாளொன்றுக்குப் பத்துக் கோடி அணுக்களை ஆக்குகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடிக்கும் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை ஆயிரம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

பிறக்கும் அணுக்களைத் தாங்கி ஊட்டி வளர்க்கும் செவிலி உயிரணுக்களை 1865இல் கண்டவர் என்ரிக்கோ செர்டோலி. இத்தாலியின் பவியா நகரில் அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மாணவர். கிளை பரப்பிய மரம் போன்ற உயிரணுக்கள் என்று அவர் எழுதினார். அவை செய்யும் வேலைகளுள் ஒன்று நுட்பமானது. விந்தணுக்கள் தோன்றுவது பருவம் எய்திய பின்னரே. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலின் நோய்த்தடுப்புப் படை 'இவை நம்முடையவை, இவை அந்நியம்' என்று பிரித்தறியக் கற்றுவிட்டது. பிந்தி வந்த விந்தணுக்களை அது பகையென்றே கருதும். ஆகவே செவிலி உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி மதில்போல் நின்று, குருதி நேரே உள்ளே புகாதபடி காக்கின்றன.

விந்தணுவை முதலில் கண்ட கதையையும் சொல்ல வேண்டும். டி கிராஃப் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரிலேயே லூவன்ஹூக் என்னும் துணி வணிகர் இருந்தார். தாமே தீட்டிய வில்லைகளால் குளத்து நீரையும் பல்லழுக்கையும் பார்த்தவர். 1677இல் யோஹான் ஹாம் என்னும் மருத்துவ மாணவர் நோயாளி ஒருவரின் விந்தைக் கொண்டுவந்து, அதில் வாலுள்ள சிற்றுயிர்கள் நீந்துவதாகச் சொன்னார். லூவன்ஹூக் நலமுள்ளவரின் விந்திலும் அவற்றைக் கண்டார். இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய கடிதத்தில், இச்செய்தி கற்றோர்க்கு அருவருப்போ இழிவோ தருமென்று தோன்றினால் வெளியிடாமல் விட்டுவிடலாம் என்று தயங்கித் தயங்கி எழுதினார். கழகம் வெளியிட்டது. நம் வகுப்பாசிரியரின் கூச்சத்துக்கு இவ்வளவு நீண்ட பரம்பரை உண்டு. ஆனால் அந்த வணிகர் கூசிக்கொண்டே எழுதிவிட்டார். அது பெரிய வேறுபாடு. இவ்வணு முட்டைக்குள் புகுவதால்தான் கரு உண்டாகிறது என்பதை ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டையில் கண்டு 1876இல் வெளியிட்டார். இடையில் கழிந்தது இருநூறு ஆண்டு.

இங்கே அந்த இரு பழிகளையும் எடுத்துக்கொள்வோம். பெண்ணின் முட்டை எப்போதும் எக்ஸ் நிறப்புரியையே தருகிறது. விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கின்றன. ஒய் சுமந்த அணு சேர்ந்தால் ஆண். எக்ஸ் சுமந்தது சேர்ந்தால் பெண். மாவுப்புழுக்களை ஆராய்ந்து இதை நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1905இல் காட்டினார். நூறாண்டுக்கு மேலாகியும் மாமியார் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பிள்ளையின்மையும் அப்படியே. குழந்தையின்றி மருத்துவரை நாடும் இணைகளில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறையும் ஒரு காரணமாகவோ, அதுவே முழுக் காரணமாகவோ இருக்கிறது. விந்துச் சோதனை எளியது, வலியற்றது, மலிவானது. அதற்கு வர மறுக்கும் கணவனின் மனைவி, கத்தியும் ஊசியும் மயக்க மருந்துமாக ஆண்டுக்கணக்கில் சோதனைக்குள்ளாவதை மருத்துவமனைகளில் கண்டு மனம் கசந்திருக்கிறேன்.

விந்தகத்துக்கு இரண்டாவது தொழில் ஒன்று உண்டு. காளையைக் காயடித்தால் திமிர் அடங்கி ஏருக்கு வசப்படும் என்பது நம் உழவர்க்குத் தெரியும். ஏன் அப்படி ஆகிறது என்று கேட்டவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பெர்டோல்டு. 1849இல் அவர் ஆறு சேவற்குஞ்சுகளை வைத்துச் சோதனை செய்தார். விரைகளை இழந்த சேவல்கள் கூவவில்லை, சண்டையிடவில்லை, கொண்டையும் வளரவில்லை. எடுத்த விரையை வயிற்றறையில் வேறோர் இடத்தில் வைத்துவிட்ட சேவல்களோ கொண்டை சிவந்து, கூவி, சண்டைக்கு நின்றன. அறுத்துப் பார்த்தபோது வைத்த இடத்தில் குருதிக் குழாய்கள் புதிதாக முளைத்திருந்தன. நரம்பு இணைப்பு ஏதும் இல்லை. அப்படியானால், விரை ஏதோ ஒன்றைக் குருதியில் கலந்து அனுப்புகிறது என்பது தெளிவாயிற்று. குழல்களுக்கு இடையே இருக்கும் உயிரணுக்களே அதைச் சுரக்கின்றன. 1850இல் அவற்றை விவரித்த லெய்டிக்கின் பெயரால் வழங்குகின்றன. அப்பொருளை 1935இல் ஆம்ஸ்டர்டாமில் பிரித்தெடுத்தார்கள். ஏறத்தாழ நூறு கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது பத்து மில்லிகிராம். அதுவே டெஸ்டோஸ்டெரோன். குரல் உடைவதும், மீசை அரும்புவதும், தசை திரள்வதும் அதனால்.

உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்க ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குருதியில் ஹார்மோன் போதிய அளவு இருக்கிறதா என்று மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஊசி வழியே வந்து குவிந்தால், விந்தகத்துக்கு அனுப்பும் கட்டளையை அது நிறுத்திவிடும். விந்தகம் வேலையின்றிச் சுருங்கும். விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். ஆண்மை தேடிப் போனவன் கண்டது இது.

விந்தணு வெளிச்செல்லும் வழியைச் சற்று விரைவாகவே நடந்து கடப்போம். விந்தகத்தின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் மேற்சுருள் என்பது ஒரே குழல். பிரித்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர். நுழையும்போது நீந்தத் தெரியாத அணு, வெளியேறும்போது நீந்தும் திறன் பெற்றிருக்கும். அங்கிருந்து விந்து நாளம் புறப்படுகிறது. விதைப்பையின் மேற்பகுதியில் விரலால் உருட்டினால் கட்டியான நூல்போல் அகப்படுவது அதுதான். அது தொடையிடுக்கு வழியே வயிற்றுக்குள் ஏறி, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் மேலாக வளைந்து தாண்டி, சிறுநீர்ப்பையின் பின்னால் இறங்குகிறது. நேர்வழி இருக்க ஏன் இந்தச் சுற்று? விந்தகம் மேலிருந்து இறங்கியபோது நாளத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. வழியில் கிடந்த குழாயின்மேல் அது மாட்டிக்கொண்டது. உடல் வரைபடம் போட்டுக் கட்டிய வீடன்று. அவ்வப்போது ஒட்டுச் சேர்த்துக் கட்டிய பழைய வீடு.

சிறுநீர்ப்பைக்குப் பின்னாலுள்ள விந்துப்பைகளில் விந்தணு சேமிக்கப்படுகிறது என்று பெயரை வைத்து எண்ணாதீர்கள். அவை சுரப்பிகள். விந்து நீரில் பாதிக்கு மேல் அவை தருவதே. அணுக்களுக்கு உணவாகும் பழச்சர்க்கரை அதில் உண்டு. அடுத்து, சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றிப் பெரிய நெல்லிக்காய் அளவில் புராஸ்டேட் சுரப்பி. இளமையில் தன் இருப்பையே காட்டாத இது, முதுமையில் பருத்து வழியை நெருக்கும். தாத்தா இரவில் நாலைந்து முறை எழுந்து போவது இதன் வேலையாக இருக்கலாம். அதன் கீழே பட்டாணி அளவில் கௌப்பர் சுரப்பிகள் இரண்டு. பிறகு சிறுநீர்ப் புறவழி. அது ஆண்குறியின் ஊடே வெளியே திறக்கிறது. ஆண்குறியில் எலும்பில்லை, பஞ்சு போன்ற மூன்று உருளைகள் உண்டு, அவற்றில் குருதி நிறைந்து தேங்குவதால் அது விறைக்கிறது. காற்று நிறைவதால் என்று பழைய நூலோர் கருதினர்; குருதியே என்று குறித்து வைத்தவர் ஓவியர் லியனார்டோ டாவின்சி.

ஒரு முறை வெளிப்படும் விந்து 2 முதல் 5 மில்லிலிட்டர். அதில் விந்தணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்கு மேற்படாது. ஆண்களின் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையில் விந்து நாளத்தைத்தான் துண்டித்துக் கட்டுகிறோம். விந்தகத்தைத் தொடுவதில்லை, ஹார்மோன் குருதி வழியே முன்போலவே செல்கிறது, விந்து நீரின் அளவும் கண்ணுக்குக் குறைவதில்லை. மூன்று மாதம் கழித்து, அணு இல்லை என்று சோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. கத்தியின்றிச் சிறு துளையிட்டே முடிக்கும் முறையைச் சீன மருத்துவர் லி ஷூன்சியாங் 1974இல் வகுத்தார். எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டு மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டிருக்க, கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. உடற்கூற்றின்படி எளிய அறுவை ஆணுக்குரியது. உள்ளே வயிற்றைத் திறக்க வேண்டியது பெண்ணுக்குரியது.

இளைஞர்களை வாட்டும் அச்சம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பல துளிக் குருதி சேர்ந்து ஒரு துளி விந்தாகிறது, அது கழிந்தால் உயிரே கழிகிறது என்னும் நம்பிக்கை நம் நாட்டில் தொன்மையானது. சொப்பன ஸ்கலிதம் நிகழ்ந்த பையன் தனக்குக் கேடு வந்துவிட்டதென்று அஞ்சி, சோறு செல்லாமல், படிப்பில் மனமில்லாமல் மெலிகிறான். மெலிவைக் கண்டு அச்சம் மேலும் வளர்கிறது. இதற்குத் 'தாது நோய்க் கூட்டு' என்னும் கருத்தில் 1960இல் உளநல மருத்துவர் விக் பெயரிட்டார். நோய் விந்தில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது. விந்து, நீரும் சர்க்கரையும் புரதமும் சில உப்புகளும் சேர்ந்த சுரப்பு. குருதியை வடித்தெடுத்தது அன்று. நாள்தோறும் ஊறுவது, வெளிப்படாத அணுக்களை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. உறக்கத்தில் வெளிப்படுவது பருவத்தின் இயல்பு. சிறுநீர் சில வேளை வெண்மையாகக் கலங்குவது பெரும்பாலும் பாஸ்பேட் உப்பால். சுவரில் ஒட்டிய விளம்பரத்தைக் கண்டு, விடுதி அறையில் காத்திருக்கும் 'வாலிப வைத்தியரிடம்' கல்லூரிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்த மாணவனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு வேண்டியிருந்தது இந்த ஐந்து வாக்கியங்கள்.

அஞ்ச வேண்டாதவற்றுக்கு அஞ்சும் நாம், அஞ்ச வேண்டிய இரண்டை விட்டுவிடுகிறோம். விந்தகத்தில் வலியில்லாத கட்டி தோன்றினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளைஞர்களிடமே மிகுதியாக வரும் புற்றுநோய் அது. காலத்தில் கண்டால் பெரும்பாலும் முற்றும் குணமாவதும் அதுவே. மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் விரல்களால் உருட்டிப் பார்த்தால் போதும்.

மற்றொன்று முறுக்கு. விந்தகம் பின்புறத்தில் பைச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். சிலருக்கு அப்பிடிப்பு இல்லாமல், மணியின் நாக்குப்போல் தொங்கும். அது திடீரென்று சுழன்றால், தொடக்கத்தில் சொன்னேனே, மேலிருந்து நீண்டு வரும் குருதிக் குழாய்கள், அவை கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும். முதலில் சிரை அடைபடும், பிறகு தமனி. 12 முதல் 18 வயதுக்குள் இது மிகுதி, உறக்கத்திலும் நேரும். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் விந்தகம் பெரும்பாலும் பிழைக்கும். ஒருநாள் கடந்தால் பிழைப்பது அரிது. வலி அடிவயிற்றில் தெரியலாம், வாந்தி வரலாம். காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு கல்லூரி மாணவன். விடுதியில் இரவு இரண்டு மணிக்கு வலி எழுப்பியது. அறைத்தோழர்களிடம் வயிற்றுவலி என்றான். செரிமான மாத்திரை கொடுத்தார்கள். விடிந்ததும் பேருந்தேறி ஊருக்குப் போனான். தாயிடமும் வயிற்றுவலி என்றே சொன்னான். ஓமநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். மாலையில் உள்ளூர் மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து ஊசி போட்டார். வேட்டியை விலக்கிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, அவனும் சொல்லவில்லை. என்னிடம் வந்து சேர்ந்தபோது இருபது மணி நேரம் கழிந்திருந்தது. திறந்து பார்த்தேன், விந்தகம் கருநாவல் நிறத்தில் இருந்தது. வெந்நீர்த் துணி சுற்றி, நிறம் மாறுகிறதா என்று அரைமணி காத்திருந்தேன். மாறவில்லை. அதை எடுத்துவிட்டு, மற்றதும் சுழலாதபடி பைச் சுவரோடு தைத்து வைத்தேன்.

மறுநாள் அவனுடைய தந்தை வெளியே போகும்வரை காத்திருந்து அவன் கேட்டான்: "டாக்டர், ஒன்று போதுமா?"

போதும் என்றேன். ஒன்றே இரண்டின் வேலையையும் செய்யும். குரலும் மீசையும் மாறா. மணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். அவன் கூரையைப் பார்த்தபடி சிறிது நேரம் படுத்திருந்தான். பிறகு, "ராத்திரியே சொல்லியிருந்தால்?" என்றான். விடுதியிலிருந்து எங்கள் மருத்துவமனை நடந்து வரும் தூரந்தான்.